பத்து டிகிரிப் பூஞ்சையும் முப்பது டிகிரி ஊரும்

சிங்கப்பூரில் கடல்நீர் ஆண்டு முழுக்க 27-லிருந்து 31 டிகிரி வரை. இங்கே உட்கார்ந்துகொண்டு, நார்வே கரையிலும் ஆர்க்டிக் தீவுகளான ஸ்வால்பார்டிலும் ஒதுங்கிய மரத்துண்டில் வளரும் பூஞ்சையில் மருந்து தேடுகிறோம் என்றால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் பூஞ்சைச் சாறு எடுத்துச் சோதிப்பது இந்த ஊருக்குப் பழகிய வேலை. 1993-இல் மருந்து நிறுவனமான கிளாக்ஸோவுடன் சேர்ந்து இங்கே தொடங்கிய இயற்கைப் பொருள் ஆய்வு மையம் 2002-இல் மெர்லயன் ஃபார்மாசூட்டிகல்ஸ் ஆனது. அதன் சேகரிப்பு பிறகு அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார் கைக்கு வந்தது. கருவி உண்டு, ஆள் உண்டு. இல்லாதது குளிர் ஒன்றுதான்.

இந்த வேலையில் பூஞ்சை கிடைப்பது கடினமல்ல. பாக்டீரியாவைக் கொல்லும் சாறு கிடைப்பதும் கடினமல்ல. கைக்கு வந்ததில் பெரும்பகுதி போலி என்பதுதான் சிக்கல். ஊரின் வெக்கையும் ஈரமும் ஒவ்வொரு படியிலும் ஒரு போலியைச் செய்து நீட்டும். அவற்றை எந்த இடத்தில், எப்படிப் பிடிப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். குளிர்கடல் பூஞ்சையிலிருந்து வந்தது என்று சுட்டிக்காட்ட மருந்துக்கடையில் இன்னும் ஒரு மாத்திரைகூட இல்லை. நெருங்கிய சொந்தங்கள் உண்டு. செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கு மூலமான பூஞ்சையை 1945-இல் ஜூசெப்பே புரோட்சு, சார்டினியாவின் காலியாரியில் கழிவுநீர் கலக்கும் கடலோரத்தில் எடுத்தார். கடல்தான், ஆனால் குளிர்க்கடல் இல்லை. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரினைச் செய்யும் டோலிபொகிளேடியம், நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் 1969-இல் எடுத்த மண்ணிலிருந்து வந்தது. குளிர்தான், ஆனால் கடல் இல்லை. கடல் ஆஸ்பர்ஜில்லஸ் ஒன்றின் பொருளை மாதிரியாக வைத்துச் செய்த பிளினாபுலின் மூன்றாம் கட்ட மனிதச் சோதனை வரை போனது. 2021-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தரவில்லை. இவ்வளவுதான் கைமுதல்.

மாதிரி வருமுன் காகிதம் வர வேண்டும். எடுத்த நாட்டின் அனுமதி, இங்கே இறக்குமதி அனுமதி இரண்டும் கையில் இல்லாமல் பெட்டியை அனுப்பச் சொல்லாதீர்கள். சாங்கியில் ஒரு பிற்பகல் காத்திருந்தாலே குளிர் போய்விடும். 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடப்புக்கு வந்த, உயிர்வளத்தின் பயனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை ஒரு நாட்டின் எல்லைக்குள் எடுத்தவற்றுக்கு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. 2023 மார்ச்சில் நியூயார்க்கில் அந்தப் பேச்சுக்குத் தலைமை தாங்கிய சிங்கப்பூரர் ரெனா லீ, “கப்பல் கரை சேர்ந்துவிட்டது” என்று அறிவித்தாரே, அதுதான். பெட்டிக்குள் ஜெல் ஐஸ் பொட்டலம் குழாயை நேராகத் தொடக்கூடாது. தொட்ட பக்கம் உறைந்து சாகும். நடுவே இரண்டு மடிப்பு செய்தித்தாள் போதும். வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றையும் உள்ளே போடச் சொல்லுங்கள். 20 டிகிரியைத் தாண்டிய நேரம் எவ்வளவு என்று தெரியாமல், பிளேட்டில், அதாவது வளர்ப்புத் தட்டில், ஒன்றும் வளராததைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை.

மரத்துண்டு வந்தால் கிருமி நீக்கிய கடல்நீரில் மூன்று முறை அலசி, 70 சதவீத எத்தனாலில் 30 நொடி முக்கி, மறுபடி அலசி, மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளிருந்து 5 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்து வைக்க வேண்டும். கடற்பாசிக்கு 10 நொடிக்கு மேல் எத்தனால் கூடாது. உள்ளே இருப்பதும் சேர்ந்து செத்துவிடும். மீடியா, அதாவது பூஞ்சைக்கான உணவு, மெலிந்ததாக இருக்கட்டும்: லிட்டருக்கு மால்ட் சாறு 4 கிராம், செயற்கைக் கடலுப்பு 33 கிராம், உறையவைக்க அகார் 15 கிராம். சத்து கூடினால் வேகமாக வளர்கிறவை பிளேட்டை ஆக்கிரமித்துக்கொள்ளும். பாக்டீரியாவை அடக்க குளோராம்ஃபெனிகால் 50 மில்லிகிராம். இது ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டைத் தாங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் 100 மில்லிகிராமை 50 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். கடலுப்பையும் மால்ட்டையும் ஒன்றாக ஆட்டோகிளேவில் வைத்தால் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகத் திரியும். உப்பைப் பாதித் தண்ணீரிலும் மற்றதை மீதித் தண்ணீரிலும் தனித்தனியே வேகவைத்து, 60 டிகிரிக்கு இறங்கியதும் கலந்தால் தெளிவாக வரும்.

பிளேட்டுக்கு 25 மில்லி ஊற்றுங்கள். 10 டிகிரியில் எட்டு வாரம் வளர்க்க வேண்டும், வழக்கமான 15, 18 மில்லி அதுவரை தாங்காது. மின்விசிறி வைத்த குளிர் இன்குபேட்டர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அகார் காய்ந்து மெலியும்போது உப்பு ஏறும். ஒருநாள் பார்த்தால் ஓரத்தில் வெள்ளையாக, நட்சத்திரம் போல ஏதோ முளைத்திருக்கும். புதிய இனம் என்று மகிழ்ந்து ஊசியால் தொட்டால் கரகரவென்று உடையும். உப்புப் படிகம். முதல் போலி அதுதான்.

இரண்டாவது போலி கொஞ்சம் கெட்டிக்காரன். 10 டிகிரியில் வைத்தால் வெப்ப ஊர்ப் பூஞ்சைகள் வராது என்று நினைப்பது தப்பு. ஏர்கான் குழாயிலும் ஃபிரிட்ஜின் ரப்பர் விளிம்பிலும் வாழும் கிளாடோஸ்போரியத்துக்கும் சில பெனிசிலியங்களுக்கும் 10 டிகிரி வீட்டுத் திண்ணை மாதிரி. ஆகவே மாதிரியைக் கையாளும் நேரம் முழுக்க, பக்கத்தில் வெறும் மீடியா பிளேட் ஒன்றைத் திறந்து வையுங்கள். அதையும் அதே இன்குபேட்டரில், அதே எட்டு வாரம். அதில் முளைப்பது எதுவோ அது மாதிரியில் முளைத்தாலும் கணக்கில் சேராது. ஒரு நல்ல இனத்தை இதனால் இழக்கலாம். இழந்தால் போகட்டும்.

வியர்வைக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஊரில் பாதிக் கெடுதல் அதிலிருந்துதான். ஆய்வகம் 23 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிப்புள்ளி ஏறத்தாழ 15 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதை வெளியே எடுத்தாலும் வியர்க்கும். 10 டிகிரி பிளேட் மேசைக்கு வந்த இரண்டு நிமிடத்தில் மூடிக்கு வெளியே முத்துமுத்தாக நிற்கும். மூடியைத் திறந்தால் அகார் மேலும் படியும். ஒரு துளி உருண்டு ஒரு பூஞ்சைக் கூட்டத்தின் விதைத்தூளை (ஸ்போர்) அடுத்ததன்மேல் கொண்டு சேர்த்தால், இரண்டு வாரம் கழித்து உங்கள் தூய வளர்ப்பு கலப்படம். அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று அரைமணி நேரம் விட்டால் வியர்வை நிற்கும், ஆனால் குளிர் விரும்பிக்கு அது நல்லதில்லை: 15 டிகிரி வரை மட்டும் செழித்து 20-க்கு மேல் வளராதவையும் இந்தக் கூட்டத்தில் உண்டு. நடைமுறையில் உதவுவது ஓர் அலுமினியக் கட்டி. இன்குபேட்டரிலேயே குளிரவைத்து, லேமினார் மேசையில் அதன்மேல் பிளேட்டை வைத்து, ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் வெளியே எடுக்காமல் வேலையை முடிக்க வேண்டும். பிளேட்டுகளை எப்போதும் கவிழ்த்தே அடுக்குங்கள். பூஞ்சையே கசியவிடும் துளிகளும் உண்டு: மூடியில் இல்லாமல் இழைமேலேயே உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் தேன் நிறமோ மஞ்சளோ இருக்கும். அதைத் துடைத்துவிடாதீர்கள். 2 மைக்ரோலிட்டர் உறிஞ்சி மெத்தனாலில் கரைத்து, மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமானியில் போட்டால், சாறே எடுக்காமல் அந்தப் பூஞ்சை என்ன செய்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மைட் என்னும் நுண்பேனையும் சொல்லியாக வேண்டும். பாராஃபில்ம் சுற்றினாலும் இடுக்கில் நுழையும். காலில் விதைத்தூளை ஒட்டிக்கொண்டு பிளேட் பிளேட்டாகப் போகும். அகார் மேல் ஊசிமுனையால் இட்டதுபோல் கோடாகப் பூஞ்சைப் புள்ளிகள் தெரிந்தால் அதன் நடைபாதை அது. அந்த அடுக்கு முழுவதையும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள், இரக்கம் வேண்டாம்.

வளர்ந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை சேமிப்பு. மூன்றாவது மாற்றலுக்குள் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரிக்குப் போய்விட வேண்டும், ஐந்து குழாயாவது. பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் பூஞ்சை சோம்பேறியாகும்: வெண்மையாக, பஞ்சு போல, வேகமாக வளரும், பொருளைச் செய்வதை நிறுத்திவிடும். ஆறு மாதம் கழித்துப் பெரிய அளவில் வளர்த்து “முன்பு இருந்த செயல் இப்போது இல்லை” என்று புலம்புவோரில் பலருக்குக் காரணம் இதுதான். அடையாளத்துக்கு ஐடிஎஸ் பகுதியின் டிஎன்ஏ வரிசை தொடக்கம் மட்டுமே. பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் ஐடிஎஸ் பேரினத்தைச் சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். பீட்டா டியூபுலின், கால்மோடுலின் மரபணுக்களையும் பார்த்தால்தான் இனம் பிடிபடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் இரண்டு வாரத்தில் முளைத்த பச்சைப் பெனிசிலியங்களில் மயங்காதீர்கள். அவற்றின் பொருள்கள் பலராலும் தோண்டியெடுக்கப்பட்டவை. ஆறாம் வாரத்தில், மரத்துண்டின் ஓரத்தில், கறுப்பாக அரை சென்டிமீட்டர் வளர்ந்து நிற்கும் லுல்வொர்த்தியேல்ஸ் வகைகளிலும், பாசியிலும் கடற்பஞ்சிலும் வாழும் எமெரிசெல்லாப்சிஸிலும், அண்டார்க்டிகாவில் பழக்கமான சூடோஜிம்னோஆஸ்கஸிலும்தான் புதிதாக ஏதேனும் கிடைக்க வாய்ப்பு. விலை என்னவென்றால் பொறுமை, கொஞ்சமான விளைச்சல்.

சாறுக்காக வளர்ப்பதில் இரண்டு வழி. திரவம் என்றால் 10 டிகிரியில் நிமிடத்துக்கு 130 சுற்று. முடிவில் டயயான் எச்பி20 பிசின் லிட்டருக்கு 30 கிராம். அதை முன்கூட்டியே மெத்தனாலில் அரைமணி ஊறவைத்துக் கழுவியிருக்க வேண்டும். பொருள் பிசினில் ஒட்டும், உப்பு தண்ணீரோடு போய்விடும். பிசின் இல்லாமல் காய்ச்சி மெத்தனாலில் கரைத்தால் எடையில் பெரும்பகுதி உப்பு. 100 மைக்ரோகிராம் சோதித்தேன் என்று எழுதிவிட்டு உண்மையில் 30-ஐச் சோதித்திருப்பீர்கள். இது தலைகீழ்ப் போலி: நல்லதைக் கெட்டது என்று காட்டும்.

இன்னொரு வழி சோறு. ஒரு லிட்டர் கூம்புக்குடுவையில் 100 கிராம் அரிசி, 110 மில்லி தண்ணீர், 3.5 கிராம் கடலுப்பு. இரவு ஊறவைத்து 121 டிகிரியில் 20 நிமிடம். எந்த அரிசி என்பது முக்கியம். இங்கே கடைகளில் கைக்கெட்டும் தாய்லாந்து மணஅரிசி வெந்தால் குழைந்து ஒரே கட்டியாகும். பூஞ்சை மேலே மட்டும் போர்வை விரிக்கும், அடியில் காற்றும் போகாது, கரைப்பானும் இறங்காது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் பொன்னிப் புழுங்கல் உதிரி உதிரியாக நிற்கும். நம் வீட்டில் புழுங்கலும் பச்சரிசியும் சட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை முடியும்வரை போதுமான ஒரே மூட்டையாக வாங்கிவிடுங்கள். மூட்டை மாறினால் வேதியியலும் மாறும். முதல் வாரத்தில் ஒருமுறை குடுவையைக் குலுக்கி மணிகளைப் பிரித்துவிட வேண்டும். 25 டிகிரியில் நான்கு வாரத்தில் முடிவது 10 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பூஞ்சை இல்லாத வெறும் சோற்றுக் குடுவை ஒன்றும் அதே நாள் தொடங்கி அதே நாள் முடிய வேண்டும். அதைச் செய்யாமல் எடுத்த சாற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சாறு எடுக்கும் கரைப்பான் எத்தில் அசிடேட்: 500 மில்லி, இரவு முழுக்க, மூன்று முறை. அதை ஆவியாக்கும் ரோட்டாவேப்பில் நீர்த்தொட்டி 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். பால்போல் கலங்கிப் பிரியாமல் நின்றால் கெட்டியான உப்புக்கரைசல் சேர்த்துப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் சென்ட்ரிஃப்யூஜ். பாலிஸ்டைரின் குழாயில் எத்தில் அசிடேட்டை ஊற்றாதீர்கள், குழாயே கரைந்துவிடும். கண்ணாடிதான். நைட்ரைல் கையுறை இந்தக் கரைப்பானுக்கு அதிக நேரம் தாங்காது; சொட்டியவுடன் கழற்றி மாற்றுங்கள். சோதனைக்குச் சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ தோலைக் கடந்து தன்னிடம் கரைந்ததையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். பெயர் தெரியாத பூஞ்சை நஞ்சு அப்படிப் போக விடலாமா?

காய்ந்த சாற்றை ஹெக்சேனுக்கும் 90 சதவீத மெத்தனாலுக்கும் இடையே பிரித்து இரண்டையும் சோதியுங்கள். செயல் ஹெக்சேன் பக்கம் போனால் பெரும்பாலும் லினோலியிக் அமிலம், அதாவது அரிசியின் கொழுப்பு. ஸ்டஃபிலோகாக்கஸை அது நன்றாகவே அடக்கும். வெறும் சோற்றுச் சாறும் அடக்கினால் சந்தேகமே வேண்டாம். ஏமாந்தவர் எண்ணிக்கையில் இந்தப் போலியை மிஞ்ச ஆளில்லை.

சோதனைக்கு டிஎம்எஸ்ஓவில் மில்லிக்கு 10 மில்லிகிராம் இருப்புக் கரைசல். தூய டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். 4 டிகிரி ஃபிரிட்ஜில் உங்கள் குழாய் உறையாமல் நீராகவே இருந்தால், அது இந்த ஊர்க் காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்திருக்கிறது. கரையாத பொருள் அடியில் படிந்திருக்கும், பிப்பெட் மேலே உள்ள வெறும் திரவத்தை எடுக்கும். சிறு குழாய்களில் பிரித்து வைத்து, ஒன்றைத் திறந்தால் அன்றோடு முடித்துவிடுவது நல்லது. பாக்டீரியாவுக்கு முல்லர் ஹிண்டன் குழம்பு, மில்லிக்கு 5 லட்சம் உயிரணு, 35 டிகிரி, 16 முதல் 20 மணி நேரம். ஏடிசிசி சேகரிப்பின் 29213 ஸ்டஃபிலோகாக்கஸும் 25922 ஈ.கோலையும் இருந்தால் உலகம் முழுக்க ஒப்பிடலாம். டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எம்டிடி, ரெசாசுரின் போன்ற நிறமாற்றச் சோதனைகளில், உயிரணுவே இல்லாத குழியிலும் சாற்றைப் போட்டுப் பாருங்கள். சாறே சாயத்தை மாற்றினால் எண்ணுக்கு மதிப்பில்லை. கூடவே எம்ஆர்சி-5 போன்ற சாதாரண மனித உயிரணு ஒன்று. பாக்டீரியாவையும் புற்றணுவையும் அதையும் ஒரே அளவில் கொன்றால் அது விஷம்.

இவ்வளவையும் தாண்டி வந்த சாறு நிறைமானிக்குப் போகிறது. முன்னேற்பாடாகச் சில நிறை எண்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். 327.047, கூடவே இரண்டு எண் தள்ளி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு குட்டி முகடு என்றால் இரண்டு கந்தகம் கொண்ட கிளியோடாக்சின். எல்லாவற்றையும் கொல்லும், எல்லோருக்கும் தெரியும். 353.08-உம் 355.08-உம் மூன்றுக்கு ஒன்று என்றால் குளோரின், கிரிசியோஃபுல்வின். 321.13 மைக்கோஃபினாலிக் அமிலம், 390.19 ரோக்ஃபோர்ட்டின் சி. இவை பூஞ்சை செய்தவை, ஆனால் பழையவை. பூஞ்சை செய்யாதவையும் வரும்: 282.28 ஒலியமைடு, 338.34 எரூகமைடு, இரண்டும் பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் பிப்பெட் முனையிலிருந்தும் கசிபவை. 44 இடைவெளியில் படிக்கட்டு தெரிந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால். 391.28, சோடியத்தோடு 413.27 என்றால் தாலேட் நெகிழ்வூட்டி. எஞ்சியதை ஜிஎன்பிஎஸ் என்ற இணையத் தரவகத்தின் வலையமைப்பில் ஏற்றி, தெரிந்த எதன் உறவினர் என்று பாருங்கள். உறவே இல்லாமல் தனித்து நிற்கும் கொத்துதான் நேரம் செலவிடத் தகுந்தது.

அப்புறம் மறுபடி வளர்ப்பு. பத்து, இருபது குடுவை, மைனஸ் 80-இல் இருந்த அதே குழாயிலிருந்து, அதே மூட்டை அரிசியில். தூய பொருள் சில மில்லிகிராம் வந்தால் திருப்திப்படலாம். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆருக்கு 1, 2 மில்லிகிராம் இருந்தால் ஓரிரவில் தேவையான படங்கள் அனைத்தும் வரும். குளோரோஃபார்மில் எடுத்த முதல் படத்தைத் திரையில் விரித்ததும் அழகான இடங்களைத் தேடாதீர்கள். 1.26, 2.05, 4.12 ஆகிய இடங்களில் மூன்று முகடும் சேர்ந்து தெரிந்தால் எத்தில் அசிடேட் இன்னும் போகவில்லை, மறுபடி காயவையுங்கள். பிறகு வலமிருந்து இடமாக நகர்ந்து 7.53-ஐயும் 7.70-ஐயும் பாருங்கள். அங்கே ஒரே உயரத்தில் இரட்டையர் நின்று, 4.22-இலும் ஏதோ தெரிந்தால், அது அதே தாலேட்: எட்டு வாரக் குளிரில் அந்தப் பூஞ்சை செய்தது என்று நினைத்ததை ஏதோ ஒரு பிளாஸ்டிக் மூடி ஒரு மதியத்தில் செய்து கொடுத்திருக்கிறது.